நாற்பத்தொரு நிலைவாசல்கள்

பொன்விடியல் நகரில் அப்போது வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது, நாற்பத்தொரு நிலைவாசல்கள் மட்டும்தான் இருந்தன. சுவர் இல்லை, கூரை இல்லை, கதவுகூட இல்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, உச்சியில் மாவிலை காய்ந்து தொங்க, கரிசல் பொட்டலில் வரிசைக்கு ஏழாக அவை நின்றுகொண்டிருந்தன. ஒரு நிலைக்கும் இன்னொரு நிலைக்கும் நடுவில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. நல்ல நேரத்தில் நிலையை வைத்துவிட்டால் பாதி வீடு கட்டியாயிற்று என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மீதிப் பாதி பத்து வருஷம் கழித்து வந்தாலும் நாங்கள் கவலைப்பட மாட்டோம்.

மனை போட்டு விற்றவர் ஜெயவீரன். மனை வாங்குகிறவர்களுக்கு வேப்பமர நிலை இலவசம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார். ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளில், ஒரே காலையில் நாற்பத்தொரு நிலைகளையும் வைக்க ஏற்பாடாயிற்று. நானும் பதினேழாம் எண் மனைக்காரன் என்கிற முறையில், பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு, என் மனைவி சந்தனமாரியோடு போயிருந்தேன். பந்தலில் காபி கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள், அதோடு ஆளுக்கு ஒரு தாளும் கொடுத்தார்கள்.

தாளின் தலைப்பில் 'என் வாழ்க்கைத் திட்டம்' என்று போட்டிருந்தது. ஜெயவீரன் மதுரையில் ஏதோ ஓட்டலில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வீடு கட்டத் திட்டம் போடுறீங்க, வாழத் திட்டம் போடுறீங்களா? இன்னும் அஞ்சு வருஷத்துல யார் யார் எப்படி இருக்கணும்னு எழுதி வைங்க, எழுதி வச்சாத்தான் நடக்கும்" என்றார். தாளில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், பெரியவர்கள் என்று இடப்பக்கம் அச்சடித்திருந்தது, எதிரே எழுதுவதற்கு இடம் விட்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் எங்களைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கிறார், அதுவும் கேசரி கொடுத்துக் கேட்கிறார் என்றால் யாருக்குத்தான் குஷி வராது?

எழுதத் தெரிந்தவர்களும் எழுதவில்லை. ஏனென்றால் பந்தலில் அங்கயற்கண்ணி இருந்தாள். நூல்மில்லில் ஃபிட்டராக இருக்கும் தவசிலிங்கத்தின் பெண்டாட்டி அவள், பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பதினோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள். அவள் கையெழுத்தைப் பார்த்தால் அடித்துத் திருத்தவே மனசு வராது. பிளாஸ்டிக் மேஜை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். ஆண்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அவர்கள் பெண்டாட்டிமார் பின்னால் தட்டோடு நிற்க, அவள் நிமிராமல் நாற்பது தாளையும் எழுதி, கடைசியில் தன் வீட்டுத் தாளையும் எழுதி முடித்தாள். ஜெயவீரன் அவற்றைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார். அங்கேதான் தவசியின் அக்கா குருவம்மாள் குறுக்கே வந்தாள். ஆசைப்பட்டதையெல்லாம் சுவரில் மாட்டினால் வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் படும், நவதானியத்தோடு சேர்த்து நிலைக்கு அடியில் போட்டு மூடுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. நாங்கள் அப்படியே போட்டு மூடினோம், என்ன எழுதினோம் என்பதையும் அன்றைக்கே மறந்துவிட்டோம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், குருவம்மாள் தன் மனையில் ஆட்டை மேயவிடப் போனாள். திரும்பி வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே, "எங்க நிலைக்குள்ள ஃபேன் ஓடுது, யாரு போட்டதுன்னு தெரியல" என்றாள்.

போய்ப் பார்த்தோம். உண்மைதான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வெறும் மரச்சட்டம், பின்னால் இருந்து பார்த்தால் சீமைக்கருவேலம். ஆனால் வாசலுக்கு நேரே நின்று பார்த்தால் உள்ளே வீடு இருந்தது. டைல்ஸ் போட்ட கூடம், சோபா, ஓடுகிற ஃபேன் எல்லாம் இருந்தது. அவள் மகன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது, அதில் ஐந்து வருஷம் தள்ளித் தேதி போட்டிருந்தது. காலை எடுத்து உள்ளே வைத்தால் வீட்டுக்குள் போக முடியவில்லை, அந்தப் பக்கத்து முள்ளில்தான் கால் பட்டது. குரல் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் யாரும் வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. நாற்பத்தொரு நிலைகளிலும் இதே கதைதான், மூன்று மணிக்குத் தொடங்கிப் பொழுது இறங்கும் வரைக்கும்.

எங்கள் ஊர் இதற்கெல்லாம் மிரண்டுபோகிற ஊர் இல்லை. முதல் வாரம் சூடம் காட்டினோம், இரண்டாவது வாரம் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனோம், மூன்றாவது வாரம் முறுக்கு விற்கிறவர் வந்துவிட்டார். மினிபஸ்காரர் அங்கே ஒரு நிறுத்தம் போட்டு அதற்கு 'நிலை ஸ்டாப்' என்று பெயரும் வைத்தார். மின்வாரியத்தில் இருந்து ஒருவர் வந்து, கம்பம் இல்லாத இடத்தில் ஃபேன் ஓடுகிறதே, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். அஞ்சு வருஷம் கழித்து வந்து கேளுங்கள் என்று அனுப்பி வைத்தோம். பெண் கொடுக்க வருகிறவர்கள் ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு நிலையைக் காட்டச் சொன்னார்கள். உள்ளே தன் தொப்பையைப் பார்த்து பயந்துபோன ஒருவர் காலையில் நடக்க ஆரம்பித்தார். ஜெயவீரன் தலைமையில் நிலைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று உருவாகி, நிலையில் சாயக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, ஆடு கட்டக் கூடாது என்று பலகை வைத்தது.

என் நிலையில் நான் நன்றாகவே இருந்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முக்காலி, முக்காலி மேல் ஆவி பறக்கிற காபி. ஜன்னல் வழியே தெரிந்த கடையில் ஆறு வண்டி வரிசையாக நின்றது. நான் தினமும் போய் அந்தக் காபியையும் அந்த ஆறு வண்டியையும் பார்த்துவிட்டு, வயிறு நிறைந்தது மாதிரி வீட்டுக்கு வருவேன்.

அங்கயற்கண்ணி மட்டும் நாற்காலி கொண்டுவரவில்லை. நின்றுகொண்டே பார்த்தாள்.

அவள் வீட்டு நிலைக்குள் தவசி இருந்தான், சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தது, சூப்பர்வைசர் ஆகிவிட்டான் என்று அதிலேயே தெரிந்தது. மகள் நிறைமதி இருந்தாள். இப்போது பதினொன்று, அங்கே பதினாறு. மேஜையில் தடித்தடியான புத்தகங்களைப் பரப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். தரையில் முகம் பார்க்கலாம். எல்லாம் இருந்தது, அங்கயற்கண்ணி இல்லை.

முதல் நாள் அடுப்படியில் இருப்போம் என்று நினைத்தாள். மறுநாள் பார்த்தால் அடுப்படிக் கதவு திறந்திருந்தது, அங்கே ஆள் இல்லை. ஆபீஸ் போயிருப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்தாள், ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. வாசலோரம் கிடந்த செருப்பை எண்ணினாள், இரண்டு ஜோடிதான். பிறகுதான் மகளின் சடையைக் கவனித்தாள். இரட்டைச் சடை, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக, வகிடு கோணலாக, தானே பின்னிக்கொண்ட சடை. கூடத்தில் மூன்று சுவர்கள் தெரிந்தன, நாலாவது சுவர் வாசல் பக்கத்துச் சுவர். அதில் என்ன மாட்டியிருக்கிறது என்பது வெளியில் இருந்து தெரியாது. மாலை போட்ட போட்டோவை எங்கள் ஊரில் அந்தச் சுவரில்தான் மாட்டுவார்கள். அவள் குனிந்தும், மண்டியிட்டும், நிலையில் கன்னத்தை ஒட்டவைத்தும் அந்தச் சுவரைப் பார்க்க முயன்றாள், சங்கத்துக்காரர்கள் வந்து நிலையில் சாயக் கூடாது என்று எழுப்பிவிட்டார்கள்.

ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாரத்தில், அஞ்சு வருஷத்துக்குள் அவள் போய்விடுவாள் என்பது முடிவாகிவிட்டது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை, அவளிடம் ரொம்பப் பிரியமாகத்தான் நடந்துகொண்டோம். மினிபஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தோம், கோயிலில் முன்னால் விட்டோம். காய்கறிக்காரி எடை போட்ட பிறகு கூட ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் போட்டு, "சாப்பிடு தாயி, சாப்பிடு" என்றாள். அவள் சிரித்தால் பாவம் என்றோம், சிரிக்காவிட்டாலும் பாவம் என்றோம். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு இதைவிடக் கொடுமை வேறு ஒன்றும் செய்துவிட முடியாது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

தவசி அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தான். எதிலும் ஒன்றும் இல்லை. நோய் இல்லை என்றால் வேறு என்ன என்று அவன் மனசு போக ஆரம்பித்தது. விட்டுவிட்டுப் போய்விடுவாளோ? சாயங்காலம் மில் விட்டதும் பத்திர ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான், ஒன்றும் கேட்க மாட்டான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடப்பான்.

குருவம்மாள் காரியக்காரி, அழுதுகொண்டு உட்காரவில்லை. தம்பி குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாதே என்று திருமங்கலம் பக்கம் ஒரு இடம் விசாரித்தாள். அதை ஒளிக்கவும் இல்லை. ஒருநாள் காய் அரிந்துகொண்டிருந்த அங்கயற்கண்ணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தப்பா எடுத்துக்காத கண்ணி. பொம்பளப் புள்ள வளர்ற வீடு. அமைதியான பொண்ணாம். நீயும் ஒருவாட்டி பாத்துட்டேன்னா எனக்கு நிம்மதி" என்றாள்.

"என்னைக்குப் போகணும் மதினி?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி. அந்தக் கேள்வியைக் கேட்டுக் குருவம்மாளுக்கே கண் கலங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, கையில் சீப்பைக் கொடுத்து, வகிடு எடுக்கச் சொல்லிக் கொடுத்தாள். நிறைமதி சீப்பைத் தூக்கி எறிந்தாள்.

"கத்துக்க மாட்டேன்."

"அம்மா சொல்றேன்ல, கத்துக்க கண்ணு."

"நான் கத்துக்கிட்டா நீ போயிருவ. கத்துக்கவே மாட்டேன்."

நிலைக்குள் சடை ஏன் கோணலாக இருக்கிறது என்று அங்கயற்கண்ணிக்கு அப்போது புரிந்தது. மகளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டே அழுதாள். தவசி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான், உள்ளே வர அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இப்படியே கார்த்திகை போய், மார்கழி போய், தை பிறந்தது. ஒருநாள் ஆபீஸில் அவள் ஒரு விற்பனைப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்திரம் என்றால் பாதி எழுத்து மேற்படிதான், மேற்படி மனை, மேற்படி நபர், மேற்படி விலாசம் என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க அந்த வார்த்தையைப் போட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு வருஷத்தில் அவள் எத்தனை லட்சம் மேற்படி எழுதியிருப்பாளோ, அன்றைக்கு ஒரு மேற்படியின் நடுவில் பேனா நின்றுவிட்டது. பந்தலும் பிளாஸ்டிக் மேஜையும் ஞாபகத்துக்கு வந்தன. எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, மத்தியானமே எழுந்து, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, உங்க நிலையில நீங்க இருக்கீங்களா?" என்று சந்தனமாரியைக் கேட்டாள்.

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லாம எங்க போவேன்? அடுப்படியில கெடப்பேன்."

"பாத்தீங்களா?"

என் மனைவி சிரிப்பை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்று பேருமாகப் போனோம். மூன்று மணி வெயிலில் நிலைக்குள் வீடு துலங்கி வந்தது. நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன், முக்காலி காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். காபி டம்ளர் ஒன்று அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. கை இல்லை, ஆள் இல்லை. இடுப்புயரத்தில் காற்றில் வந்து, சிந்தாமல் முக்காலியில் உட்கார்ந்தது. நாற்காலியில் இருந்த நான் நிமிராமல் எடுத்துக் குடித்தேன். அதே காபியை மூன்று மாதமாகத் தினம் பார்த்திருக்கிறேன். அது எப்படி வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நான் இல்ல" என்றாள் சந்தனமாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அங்கயற்கண்ணி ஒவ்வொரு நிலையாக நடந்தாள். அங்கங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண்களிடம் நீங்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாள். டைல்ஸ் நிறத்தையும் மகன் வேலையையும் மகள் கழுத்துச் செயினையும் மனப்பாடமாக ஒப்பித்த பெண்கள், அந்தக் கேள்வி வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நிலைக்குள் தேடினார்கள். மடித்த துணி தானாக அடுக்கில் ஏறியது. தரையில் துடைப்பம் தனியாகப் போனது. எழுதச் சொல்லப் புருஷன் இல்லாமல், தலைவர் கட்டத்தில் தங்களையே எழுதச் சொன்ன இரண்டு விதவைகள் மட்டும் முழு ஆளாக இருந்தார்கள். மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் மனைவி என்று யாரும் இல்லை. குருவம்மாள் தன் மனையில் நின்று மகனின் ஷூ தானாகப் பளபளப்பாவதைப் பார்த்தாள். திருமங்கலத்துப் பேச்சை அன்றோடு விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அங்கயற்கண்ணி கடப்பாரையோடு வந்தாள்.

வைத்த நிலையை அசைப்பது எங்கள் பக்கத்தில் கொலைக்குச் சமானம். செய்தி எப்படிப் பறந்ததோ, மினிபஸ் முழுக்க ஆள் வந்து இறங்கியது. ஜெயவீரன் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"அம்மா, யோசிச்சுப் பாருங்க. ஒரு நிலை ஆடுனா நாப்பத்தொண்ணும் அணைஞ்சு போகும். இத்தன பேர் பிள்ளைங்க வேலை, கல்யாணம் எல்லாம் உள்ளதான் இருக்கு. உங்க ஒருத்திக்காக..."

கூட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, நானும் என் ஆறு வண்டியை நினைத்துக்கொண்டேன்.

"என் நிலைக்கு அடியில இருக்கறத நான் எழுதினேன் அண்ணாச்சி. தப்பா எழுதிட்டேன். திருத்தணும்" என்றாள் அவள்.

ரெண்டு மூன்று பேர் கடப்பாரையைப் பிடுங்க முன்னால் வந்தார்கள். அப்போது தவசி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் தடுத்துவிடுவான் என்று எல்லாரும் வழி விட்டார்கள். அவன் நிலைக்குள் இருந்த தன்னை ஒருமுறை பார்த்தான், சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவையும் பார்த்தான். பிறகு நிலையின் இரண்டு கால்களையும் கை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"நீ தோண்டு. விழாம நான் பிடிச்சுக்கறேன்."

"தவசி, உன் சூப்பர்வைசர் வேலை போயிரும்யா!" என்று கத்தினார் ஜெயவீரன்.

"போனாப் போகுது" என்றான். பெரிய வீரன் மாதிரிச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

முதல் குத்தில் உள்ளே ஃபேன் நின்றது. இரண்டாவது குத்தில் சுவரில் இருந்து காலண்டர் விழுந்தது. பதினாறு வயது நிறைமதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பதினொரு வயது நிறைமதி வெளியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகம் என் தோலில் பதிந்தது. மூன்றாவது குத்தில் வீடே அணைந்துபோய், நிலைக்குள் சீமைக்கருவேலம் தெரிந்தது. கூட்டத்தில் ஒருவர் ஐயோ என்றார். எல்லாரும் அவரவர் நிலையைத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் ஃபேன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, எங்கள் காபி ஆறாமல்தான் இருந்தது. ஜெயவீரன் குறுக்கே நின்ற இடத்தை விட்டு விலகினார்.

அவள் மண்ணைக் கையால் அள்ளி வெளியே போட்டு, தாளை எடுத்தாள். மழைக்கு நவதானியம் முளைவிட்டு, வெளிச்சம் காணாமல் வெளுத்து, வேரெல்லாம் தாளுக்குள் ஓடியிருந்தது. வேரைப் பிய்க்காமல் பிரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

"குடும்பத் தலைவர், சூப்பர்வைசர் ஆக வேண்டும். சொந்த வீடு, டைல்ஸ் தரை. மகள், நன்றாகப் படித்து டாக்டராக வேண்டும். மனைவி..." கொஞ்சம் நிறுத்தினாள். "மனைவி, மேற்படி."

தாளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எல்லாத் தாள்லயும் இதத்தான் எழுதினேன். முதல்ல ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன், உங்களுக்கு என்னக்கா எழுதட்டும்னு. அவுக சொன்னதுதான், எனக்குன்னு தனியா என்னன்னு சொன்னாங்க. அப்புறம் நான் கேக்கவே இல்ல. என்னையும் நான் கேட்டுக்கல. பத்திரத்துல எழுதற மாதிரி எழுதிட்டுப் போயிட்டேன். நிலை அதுபாட்டுக்கு எழுதினத காமிக்குது, அது மேல என்ன தப்பு இருக்கு?"

பேனா கேட்டாள். என் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன். மேற்படியை ஒரே கோடாக அடித்தாள். அவள் எழுத்தை அவளே அடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தாள், பேனா நகரவில்லை.

நாற்பத்தொரு தாளை நிமிராமல் எழுதிய கை அப்படியே நின்றது. நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. பொழுது இறங்குவதற்குள் தாளை உள்ளே வைத்து மூடாவிட்டால் மறுநாள் அந்த நிலை விழிக்குமோ விழிக்காதோ, யாருக்கும் தெரியாது. தவசி நிலையைப் பிடித்த பிடி விடவில்லை, வியர்வை அவன் முழங்கை வழியே சொட்டியது. கூட்டம் பொறுமை இழந்து ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தது. நோய் நொடி இல்லாமல் இருக்கணும் என்று எழுது என்றார்கள். தலைமை எழுத்தர் ஆகணும் என்று எழுது, காசிக்குப் போகணும் என்று எழுது என்றார்கள். அவள் ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டாள், தலையை ஆட்டினாள், எழுதவில்லை.

"வரமாட்டேங்குதுக்கா" என்றாள் சந்தனமாரியிடம். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, சாகப்போகிறாள் என்று ஊரே சொன்னபோதும் பார்த்ததில்லை. "எல்லார்க்கும் என்ன வேணும்னு எனக்குத் தெரியுது. எனக்குத் தோண்டிப் பாத்தா ஒண்ணும் வரமாட்டேங்குது."

நிறைமதி என் கையை உதறிவிட்டு ஓடினாள். "அம்மா என்கூடவே இருக்கணும்னு எழுதும்மா. அத எழுதும்மா!"

அங்கயற்கண்ணி மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அது உன் ஆசைடா கண்ணு. அத உன் கட்டத்துல எழுதுவோம்" என்று, மகளின் வரியில் அதை எழுதினாள். பிறகு தன் கட்டத்தில், கரடு முரடாக, அவள் எழுத்து என்றே சொல்ல முடியாதபடி, ஏதோ எழுதினாள். தாளை மடித்து, முளைகளோடு குழிக்குள் வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்தாள். தவசி மெல்லக் கையை எடுத்தான். நிலை நின்றது.

சூரியன் கருவேல மரத்துக்குக் கீழே போவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே வெளிச்சம் வந்தது. டைல்ஸ் இல்லை, சிமெண்டுத் தரை. தவசியின் சட்டைப் பையில் ஒரு பேனாகூட இல்லை, மில் எண்ணெய் படிந்த சட்டையோடு ஜன்னல் பக்கம் நின்றான். மேஜையில் புத்தகம் இருந்தது, கோணல் சடையோடு நிறைமதி இருந்தாள். வாசலில் செருப்பு மூன்று ஜோடி. கூடத்தின் நடுவில், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கன்னத்தில் கையை வைத்தபடி ஒரு பெண் இருந்தாள். காதோரம் லேசாக நரைத்திருந்தது. பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் துணி மடிக்கவில்லை, பெருக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தோம். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அது எங்களுக்கு ஒரு மாதிரி கலக்கமாக இருந்தது.

"என்ன எழுதின?" என்று தவசி கேட்டான்.

"யோசிக்கணும்னு எழுதினேன்."

ஒருத்தி யோசிக்க உட்கார்ந்தால் டைல்ஸும் சூப்பர்வைசர் வேலையும் கொஞ்சம் தள்ளித்தான் வரும் போலிருக்கிறது. அவன் சிமெண்டுத் தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நீ இருக்க" என்றான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான். அவள் மகளின் தலையைத் தடவி, "சடைய நாளைக்கே கத்துக்கணும், சரியா?" என்றாள். இந்த முறை நிறைமதி சரி என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலைக்குள் வகிடு நேராயிற்று.

கூட்டம் கலையவில்லை. பின்னால் இருந்து குருவம்மாள் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"கண்ணி, அந்தக் கடப்பாரைய இங்கிட்டு குடு" என்றாள்.

அவள் புருஷன் ஏதோ சொல்ல வந்தார். குருவம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் சொல்லாமலே போய், தன் நிலையின் காலைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் பதினேழாம் எண் மனையில் இருந்து சந்தனமாரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் ஓடிப்போய் நிலையைப் பிடித்தேன்.

ஒரே ஒரு கடப்பாரைதான் இருந்தது, ஒரே ஒரு பேனா. மனைக்கு மனை கை மாறிப் போயிற்று, அன்றைக்கு முடியாமல் மறுநாளும், அதற்கு மறுநாளும் போயிற்று. சிலர் பிடித்த நிமிஷத்தில் எழுதினார்கள், சிலர் மூன்று சாயங்காலம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன்மார்கள் நிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். சந்தனமாரி எழுதியதை எனக்குக் காட்டவில்லை. அந்தப் பேனாவும் எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை.